குளிர் ஆகாதவள்

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா சொல்ல, கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. காது தவிர மற்ற எல்லாம் எனக்குச் சௌக்கியம். ஐஸ் ஆலை இயந்திரம் தின்றது போக மிச்சம் இருந்த காதை வயது தின்றுவிட்டது. நீ போனில் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு வார்த்தை விளங்கவில்லை. இனிமேல் கத்தாதே, எழுது. தையல்காரம்மா என் காதோரம் வந்து படித்துக் காட்டுகிறாள். நான் பேசுவதைப் பேசியபடியே எழுது என்றால் மட்டும் கேட்க மாட்டாள். "கசங்கின துணியை அப்படியேவா குடுப்பாங்க? இஸ்திரி போட்டுத்தான் குடுப்பேன்" என்கிறாள். ஆகவே என் பேச்சு மடிப்புக் கலையாமல் வந்து சேரும். பொறுத்துக்கொள்.

நீ பேராசிரியர் ஆகிவிட்டாய் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர்தான் மடக்கிவிட்டார். "பொண்ணு டாக்டராமே, என் முட்டி வலிக்கு என்ன பண்ணலாம்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். "அது அந்த டாக்டர் இல்லப்பா" என்றேன். "அப்போ எந்த டாக்டர்?" என்றார். மிச்சச் சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதானே. அம்மா வயிற்றில் புற்று வந்து நீர் கோத்தது. அப்போது நீ உன் ஆராய்ச்சிக் கூடத்தில் மாணவி. ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொட்டப் போன நீரில் கொஞ்சம் உனக்கு வேண்டும் என்று கேட்டாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், திரும்பாமலே, "வேண்டாத தண்ணிதானேடி, எடுத்துக்கோ" என்றாள். அந்த நீரில் அவள் உடம்பின் செல்கள் மிதந்தன. அவள் போன பிறகும் அவை உன்னிடம் உயிரோடு வளர்கின்றன. இதை மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியுமா, சொல்.

ஆகவே நீ அங்கே என்ன செய்கிறாய், உன்னோடு இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. அம்மா காரியம் முடிந்து கிளம்பிப் போனவள் நீ, அதன் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் கோபம் வரும். கேட்கவில்லை. எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா

(எழுதுபவள் சேர்த்தது: முட்டி வலி மருந்துக்கடைக்காரருக்கு இல்லை. உங்கள் அப்பாவுக்குத்தான்.)


பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்துவிட்டேன். எதிரில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முட்டிக்கு மருத்துவரிடம் போங்கள், மருந்துக்கடைக்காரரை மாட்டிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்கு ஏற்ற நேரம்தான் இது. எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்குப் புதிதாக மாணவர்கள் வருகிறார்கள். யாரிடம் சேருவது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஆசிரியரும் தம் ஆராய்ச்சி ஆர்வம் இன்னது என்று ஒரு பத்தி எழுதித் துறையின் இணையப் பக்கத்தில் போடுவது வழக்கம். கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் படலம், பார்க்கப்படுவது நாங்கள்.

என் அறைக்கு இடப்பக்கம் ஈக்காரர். பழத்தில் மொய்க்குமே சின்ன ஈ, அது எப்படித் தூங்குகிறது என்று பார்க்கிறார். எதிர் அறையில் காதம்மா. நம் காதுக்குள் மயிரிழை முளைத்த செல்கள் இருக்கின்றன. சத்தத்தில் அவை செத்துவிட்டால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை, கோழிக்கு முளைக்கும். ஏன் அப்படி என்பதுதான் அவர் கேள்வி. உங்களைப் பற்றிச் சொன்னேன், ஐஸ் ஆலையில் எத்தனை வருஷம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கோடி அறையில் தழும்புக்காரர். புண் ஆறும்போது தழும்பு விழாமல் ஆறுமா என்று பார்க்கிறார். இவர்களுக்கெல்லாம் மேலே துறைத் தலைவி. அவர் ஆர்வம் எங்களை விரட்டுவது.

என் பத்தியில் இப்படி எழுதினேன்: "வயிற்று நீரில் தனித்து மிதக்கும் புற்றுச் செல்கள் ஒட்டிக்கொள்ள எந்த இடத்தைத் தேடுகின்றன, எதைப் பற்றிக்கொண்டு பிழைக்கின்றன என்பதை, நோயாளி ஒருவரிடமிருந்து பெற்று நெடுநாள் வளர்த்த செல்களைக் கொண்டு ஆராய்கிறோம்." 'நோயாளி ஒருவர்' என்று அடிக்கும்போது கை நின்றுவிட்டது. பிறகு அடித்தேன்.

அம்மா, உடம்புச் சூடு குறையாத சூட்டுப் பெட்டியில் குடுவைக்குள் இருக்கிறாள். அவளுக்குச் சாப்பாடான ஊட்ட நீர் ரோஜா நிறத்தில் இருக்கும், பசித்தால் மஞ்சளாகும். மஞ்சள் தட்டுவதற்குள் மாற்றிவிட வேண்டும். என்னால் ஊருக்கு வர முடியாததற்கு அதுதான் காரணம், கோபம் இல்லை. அவளை நான் வேறு யாரையும் தொட விட்டதில்லை. யாரிடம் விட்டுவிட்டு வருவது?

அன்புடன்,
பாப்பா


மார்ச் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

தையல்காரம்மா உன் கடிதத்தை முதலில் எனக்குப் படித்தாள், பிறகு தனக்காக ஒரு தடவை படித்துக்கொண்டாள். அடுத்த பிறவியில் நான் கோழியாகப் பிறக்கிறேன் என்று காதம்மாவிடம் சொல்லிவிடு. "ஏங்க, கோழிக்குக் காது முளைச்சு என்ன ஆகப்போகுது, கத்தி தீட்டுற சத்தம் நல்லாக் கேட்கும்" என்கிறாள் இவள்.

ஈ தூங்குகிறதா என்று பார்க்கிற மனுஷன் தூங்குகிறாரா? தழும்புக்காரருக்கு உடம்பில் தழும்பு எங்கே? ஒருவன் ஒன்றையே வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அவனையும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. விசாரித்து எழுது.

நோயாளி ஒருவர் என்று எழுதினதில் எனக்கு வருத்தம் இல்லை. ஊருக்கு அவள் அப்படித்தானே.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தையல்காரம்மாவுக்கும் இது புதுசு, எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுதும்மா.

எனக்குக் காது மந்தமான பிறகு உன் அம்மா கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போனாள். சாப்பிட வரச் சொல்ல, தண்ணீர்ப் பானை மூடியில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். அந்த அலுமினிய மூடிச் சத்தம் மட்டும் எப்படியோ எனக்குள் இறங்கும். அவள் போன பிறகு மூடியைத் துணி சுற்றிப் பரணில் போட்டுவிட்டேன். ஆனால் சத்தம் நிற்கவில்லை. மத்தியானம் சோற்று வேளைக்குக் கேட்கிறது. தெருவில் லாரி போனால் கேட்காது, வாசலில் ஆள் நின்று கத்தினால் கேட்காது, இது கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் சமையலறையில் நான் வைத்தது வைத்தபடி இருக்கும்.

நான் பயப்படவில்லை. அவள்தான் உன்னிடம் உயிரோடு இருக்கிறாளே, அங்கிருந்து தட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் நிதானமாகத் தட்டுவாள், ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. ஒன்றிரண்டு வருஷமாக அவசரம் அவசரமாகத் தட்டுகிறாள். அதுதான் புரியவில்லை. அவளுக்கு அங்கே ஏதாவது குறையா? நேரத்துக்குப் போடுகிறாயா?

இப்படிக்கு,
உன் அப்பா


ஏப்ரல் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்குக் கேட்கிற சத்தத்தைப் பற்றிக் காதம்மாவிடம் கேட்டேன். காது இரைச்சலில் மூளை தானாகச் சத்தம் உண்டாக்கும் என்று காதம்மா சொல்கிறார். கேட்கத் தவறின சத்தத்தைக் காதுக்குப் பதிலாக மூளை போட்டுக்கொள்ளுமாம். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் அவசரமாகத் தட்டுகிறாள் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எழுந்து போய்ச் சூட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அம்மா முதலில் மிக மெதுவாகத்தான் வளர்ந்தாள், அப்பா. குடுவையில் அங்கொன்று இங்கொன்றாக ஒட்டிக்கொண்டு, எப்போது உதிர்வாளோ என்று இருந்தாள். ஒன்றிரண்டு வருஷமாகத்தான் வேகம் பிடித்தாள். இப்போது ஊட்ட நீர் மாற்றியதும் மஞ்சளாகிறது. உடம்பு தேறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு எனக்கு நானே ஒரு புதுச் சட்டை வாங்கிக்கொண்டேன்.

சூட்டுப் பெட்டியின் கதவைத் திறந்தால் ஈரமான சூடு முகத்தில் படும். யாரோ கிட்ட நின்று மூச்சு விட்ட மாதிரி இருக்கும். காலையில் முதல் வேலையாக அதைத் திறந்து, "எந்திரிச்சாச்சா?" என்று கேட்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் பானை மூடியைச் சொன்னதால் சொல்கிறேன்.

ஈக்காரர் தூங்குவதில்லை. தழும்புக்காரர் சட்டைக் கையை மடித்து விட்டு நான் பார்த்ததே இல்லை, வெயிலிலும். விசாரிக்க மனம் வரவில்லை.

ஒரு சின்ன வேலை உங்களால் ஆக வேண்டும். தலைவி புது விதி போட்டிருக்கிறார். இணையப் பக்கத்தில் எந்தச் செல்லை வைத்து ஆராய்கிறோம் என்று எழுதுகிறோமோ, அது அதுதான் என்று சோதித்துக் காட்டினால்தான் எங்களிடம் மாணவரைச் சேர்ப்பாராம். "மாணவர் வாழ்க்கையோடு விளையாட வேண்டாம்" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. என் அம்மாவை எனக்கே சோதித்துக் காட்ட வேண்டுமா? ஆனாலும் செய்ய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவுடையது வேறு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பழையவற்றைக் கெடு முடிந்ததும் அழித்துவிட்டார்கள். நான் இருக்கிறேன், நீங்கள் இருக்கிறீர்கள். கூட ஒரு பஞ்சுக் குச்சி அனுப்பியிருக்கிறேன். தையல்கார அக்காவை விட்டு உங்கள் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்து, அதே உறையில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாப்பா


ஏப்ரல் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

குச்சி வந்தது. தையல்காரம்மா அளவு எடுக்கிற மாதிரி என்னை ஜன்னல் ஓரம் நிற்க வைத்து, "வாயைத் திறங்க, இன்னும், இன்னும்" என்றாள். பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டேன். அது தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று சொல்லி, டம்ளர் மேல் துணியைப் போட்ட பிறகுதான் தேய்த்தாள். "பொண்ணு உங்களைத்தான் அப்பாவான்னு சந்தேகப்படுதோ என்னவோ" என்று கிண்டல் வேறு. படட்டும், என் மூக்கை அவள் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன்.

சோதித்துக் காட்டுவதில் கோபம் எதற்கு? ஐஸ் ஆலையிலும் பாளம் வெளியே போகும் முன் மேஸ்திரி தட்டிப் பார்ப்பார், உள்ளே கலங்கல் இருக்கிறதா என்று. நல்ல பாளத்தைத் தட்டினால் என்ன குறைந்துவிடும்?

நீ எழுதினதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த நாள் முழுக்க ஞாபகம் வந்துவிட்டது. அம்மா கண் மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. நீ என்னை அந்தக் கூடத்துக்குக் கூட்டிப் போனாய். தரை பச்சை, சுவரோரம் மட்டும் கறுப்புக் கோடு. உன் அப்போதைய வாத்தியார், வலது கண்ணாடியில் விரிசல் விட்டவர், எனக்கு நாற்காலி போட்டார். குனிந்து குழாயில் பார்க்கச் சொன்னாய். உள்ளே சின்னச் சின்னதாக, மழை நின்ற பிறகு தகரத்தில் நிற்கிற துளிகள் மாதிரி இருந்தன. "இதுதாம்பா அம்மா" என்றாய். நீ சொன்ன குரல் எனக்குக் கேட்டது.

அப்போது வாத்தியார், "கொஞ்சம் எடுத்து இப்பவே உறைய வச்சுடலாம், பத்திரமா இருக்கும்" என்றார். குளிர்ப் புகை கிளம்பும் ஒரு தொட்டியைத் திறந்து காட்டினார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம்ப்பா, அவளுக்குக் குளிர் ஆகாது" என்றேன். எனக்குத் தெரியாதா அவள் குளிர்? ஆலையிலிருந்து வந்தால் என் கை ஒரு மணி நேரம் விறைத்துக் கிடக்கும். "அந்தக் கையோட என்னைத் தொட்டீங்க, நடக்கறதே வேற" என்பாள். வெந்நீரில் கை வைத்துவிட்டுத்தான் உன்னைத் தொட்டிலிலிருந்து தூக்கவே விடுவாள். அவளைப் போய்ப் பனிப் புகைக்குள் இறக்குவதா? வாத்தியார் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "வைக்க மாட்டேம்பா" என்றாய்.

அந்தச் சொல்லைக் காப்பாற்றி இத்தனை வருஷம் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறாய். இங்கே ஒருத்தருக்கு ஒரு போர்வை எடுத்துப் போட ஆள் இல்லை என்று நான் முன்பு போனில் குறைப்பட்டுக்கொண்டதை மறந்துவிடு. அவளைப் பார்த்துக்கொள்வதும் என்னைப் பார்த்துக்கொள்வதும் ஒன்றுதான்.

சோதனை முடிந்ததும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா


ஜூன் 21

அக்கா, இதைப் படிப்பதற்கு முன் அப்பாவை உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள். பாதியில் நிறுத்த வேண்டாம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். முதல் முடிவு வந்ததும் நான் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் செய்தேன். பிறகு யாருடையது எது என்று சொல்லாமல் தழும்புக்காரரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னேன். அதே முடிவுதான் வந்தது.

ஒவ்வொருவர் மரபணுவிலும் சில இடங்களில் அடையாளங்கள் இரட்டை இரட்டையாக இருக்கும். ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. என் அடையாளங்களிலிருந்து உங்கள் பாதியைக் கழித்தேன். அது அச்சாக உங்களுடையது, மூக்கைப் போலவே. மிச்சம் இருக்கிற பாதி அம்மாவுடையது. அந்தப் பாதி குடுவையில் இருக்க வேண்டும்.

இல்லை, அப்பா. ஓர் இடத்தில்கூட இல்லை.

குடுவையில் இருப்பது அம்மா இல்லை. வேறொரு பெண், அவள் அடையாளங்கள் எங்கள் துறைப் பட்டியலில் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், எங்கோ, இதே மாதிரி ஒரு புற்றில் இறந்துபோனவள். அவள் செல்கள் சாவதே இல்லை. எங்களைப் போன்ற ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள், எங்கள் கட்டிடத்திலும் பல அறைகளில் இருக்கிறாள். அவ்வளவு வேகமாக வளர்வாள். கையுறையில் ஒட்டின ஒரு துளி, இரண்டு குடுவைக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊற்றின ஊட்ட நீர், அது போதும் அவளுக்கு. உள்ளே போய்விட்டால் மெதுவாக வளர்கிறவர்களை இருக்க விடமாட்டாள். எங்கள் தொழிலில் இது நடக்கிற தப்புதான். படிக்கும்போதே சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

உடம்பு தேறிவிட்டது என்று நான் புதுச் சட்டை வாங்கிக்கொண்டேனே, அது அவள் உள்ளே வந்த நேரம். என் கையால்தான் வந்திருக்க வேண்டும். வேறு யாரையும் நான் தொட விட்டதில்லையே.

நேற்றுக் காலை பெட்டியைத் திறந்தேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்க வாய் வந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பாப்பா


ஜூலை 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

தையல்காரம்மா படித்து முடித்தாள். இன்னொரு தடவை படி என்றேன். காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து இரைந்து படித்தாள். முதல் தடவையே எனக்குக் கேட்டது.

நீ அழுதிருப்பாய். எனக்கு அழுகை வரவில்லை. அவள் போனபோது அழாமல் இருந்துவிட்டேன், உன்னிடம் மிச்சம் இருக்கிறாளே என்று. இப்போது எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இரண்டு கேள்வி இருக்கிறது. மறைக்காமல் பதில் எழுது.

அவள் என்றைக்குப் போனாள்? இங்கே மருந்துச் சீட்டு, வாடகைச் சீட்டு, எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. நான் சாப்பிட உட்கார்ந்த எந்த மத்தியானத்தில் அவள் அங்கே இல்லாமல் போனாள்?

இரண்டாவது. அன்றைக்கு உன் வாத்தியார் சொன்னபடி கொஞ்சம் எடுத்து உறைய வைத்திருந்தால், அது இப்போது இருந்திருக்குமா?

இதற்குப் பதில் வருகிற வரைக்கும் அந்த அம்மாளைப் பட்டினி போடாதே. நம் கோபத்துக்கு அவள் என்ன செய்வாள். யார் வீட்டுப் பெண்ணோ.

சத்தம் இன்னும் கேட்கிறது. அதே அவசரத் தட்டு. நான் சோற்றைப் பிசைந்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா


ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கு,

முதல் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஒரே நாளில் நடந்திருக்காது. கொஞ்ச நாள் இருவரும் சேர்ந்தே இருந்திருப்பார்கள். பிறகு அம்மா குறைந்து குறைந்து போயிருப்பாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், அப்பா. அன்றைக்கும் காலையில் பெட்டியைத் திறந்து பேசியிருப்பேன்.

இரண்டாவது கேள்விக்கு: இல்லை. உறைய வைத்திருந்தாலும் நிலைத்திருக்காது. அந்தக் காலத்துத் தொட்டி சரியில்லை, அடிக்கடி கெட்டுப்போகும். வாத்தியாரே அதை நம்பவில்லை. பிறகு இடம் மாறினபோது பல குப்பிகள் உடைந்தன. நீங்கள் சொன்னதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் பத்தியை இணையப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லி நானே தலைவியிடம் போனேன். அவர் விரட்டவில்லை. நாற்காலியைக் காட்டினார். பிறகு ஈக்காரர் என் அறைக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இப்போது இணையப் பக்கத்தில் ஈக்காரருக்கும் காதம்மாவுக்கும் நடுவில் என் பெயருக்கு நேரே வெறும் இடம் இருக்கிறது. என்னிடம் சேர இருந்த மாணவியைத் தழும்புக்காரர் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாளை வைத்து நான் கண்டுபிடித்ததாக எழுதின கட்டுரைகளையும் திரும்பப் பெற எழுதிவிட்டேன்.

அவளைப் பட்டினி போடவில்லை. போட முடியவில்லை. ஆனால் இனி என்ன செய்ய? நான் நிறுத்தினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அவள் உலகம் முழுக்க இருக்கிறாள். அம்மாதான் எங்கும் இல்லை. என் உடம்பில் அந்தப் பாதி இருக்கிறது, அவ்வளவுதான்.

அவளை நிறுத்திவிட்டால் நான் ஊருக்கு வரத் தடை எதுவும் இல்லை. அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இத்தனை வருஷமாக வராமல் இருந்ததற்குச் சொல்ல என்னிடம் இருந்ததே அந்த ஒரு காரணம்தான். நான் வரலாமா?

பாப்பா


ஆகஸ்ட் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அம்மா பொய் சொன்னால் எனக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு காரணம் போதும் என்கிற இடத்தில் நாலு சொல்லுவாள். தொட்டி கெட்டது, வாத்தியார் நம்பவில்லை, குப்பி உடைந்தது என்று நீ வரிசையாக எழுதியிருக்கிறாய். பாப்பா, நான் ஐஸ் ஆலையில் காதைக் கொடுத்தவன். உறைய வைத்தது கெடாது என்பது எனக்கா தெரியாது? கேட்கிறபோதே தெரிந்துதான் கேட்டேன். நீ இல்லை என்று சொன்னதும் நல்லதுதான். அவளுக்குக் குளிர் ஆகாது என்றேன், நீ குளிரவிடவில்லை. இரண்டு பேரும் அவள் உடம்புக்கு ஏற்றதைத்தான் செய்தோம். அதற்குமேல் அதில் தோண்ட வேண்டாம். இந்தப் பேச்சு இதோடு சரி.

பெயருக்கு நேரே வெறும் இடம் இருக்கிறது என்றாயே, இருக்கட்டும். அவசரப்பட்டு எதையாவது போட்டு நிரப்பாதே.

அந்த அம்மாளை அனுப்பிவிடு. ஆனால் சும்மா கொட்டாதே. "எங்க அம்மான்னு நினைச்சு வச்சிருந்தோம், தப்பா எடுத்துக்காதம்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொட்டு. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அந்தக் கட்டிடத்தில் சிரிக்கிறவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் என் பங்குக்குச் சொல்லிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் தட்டினாள். சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனேன். வழக்கம்போல வெறும் சமையலறை, மூடிக் கிடக்கிற பாத்திரங்கள், ஜன்னலில் வெயில். இத்தனை வருஷம் அந்த இடத்தில் நின்று உன் அம்மாவிடம் என்னென்னவோ பேசியிருக்கிறேன். முட்டி வலி, உன் பிடிவாதம், தையல்காரம்மாவின் வாய், எல்லாம். அன்றைக்கு முதல் தடவையாக, "யாரும்மா நீ?" என்று கேட்டேன்.

பிறகு, "உன் வீட்டுக்காரன் உன்னைத் தேடிட்டு எந்த ஊர்ல உட்கார்ந்திருந்தானோ, எனக்குத் தெரியாதும்மா. இது உன் வீடு இல்லை. போய்ட்டு வா" என்றேன். தையல்காரம்மா மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறாள், இப்போது எழுதும்போது மூக்கை உறிஞ்சுகிறாள். அதற்குப் பிறகு தட்டுச் சத்தம் கேட்கவில்லை. நேற்றும் இல்லை, இன்றைக்கும் இல்லை. சோற்று வேளை எது என்று தெரியாமல் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. நன்றாக அழுதேன், உன் அம்மாவுக்காக. தாமதம்தான், ஆனாலும் ஒரு குறையும் வைக்கவில்லை.

பரணிலிருந்து மூடியை இறக்கித் துணியைப் பிரித்தேன். கரண்டியால் நானே தட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தையல்காரம்மா காதைப் பொத்திக்கொண்டு, "தெரு முழுக்கக் கேட்குது, நிறுத்துங்க" என்றாள்.

வரலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். வீட்டுக்கு வர ஒரு பெண் இதைக் கேட்டு எழுதுவாளா? உன் அம்மாவில் மிஞ்சியது பாதி, அது உன் உடம்பில் இருக்கிறது என்றாய். அதற்கு வேளாவேளைக்குச் சோறு போடு, ஸ்வெட்டர் போட்டுக்கொள், கிளம்பு. காரணம் எதுவும் கொண்டுவர வேண்டாம்.

வந்ததும் கதவைப் பலமாகத் தட்டு. நான் திறக்கவில்லை என்று திரும்பிப் போய்விடாதே, திறக்கிறவரை தட்டு. இனிமேல் இந்த வீட்டில் எனக்குத் தானாகக் கேட்கிற சத்தம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா